ஏழு பேரைக் குறைக்கச் சொல்கிறது கணக்கு. யாரை அனுப்புவது நியாயம்?

கப்பலூர்_மோல்டிங்:

வணக்கம். மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் யூனிட் நடத்துகிறோம். வண்டிகளுக்கான புஷ், மவுண்டிங் வகைகள். கம்பெனி ரோலில் 58 பேர்: பிரஸ் 24, டிரிம்மிங் (பிசிறு வெட்டுவது) 18, மிக்ஸிங் மில் 5, இன்ஸ்பெக்‌ஷனும் பேக்கிங்கும் 8, மெயின்டனன்ஸ் 3. இதுபோக கான்ட்ராக்டர் மூலம் வடமாநிலத்துப் பையன்கள் 9 பேர். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை நிறுத்திவிட்டார். வாரநாளில் ஆறு பிரஸ் சும்மா நிற்கிறது. ஆறு மாதத்தில் வேறு ஆர்டர் வரலாம், உறுதியில்லை. ஏழு பேரைக் குறைத்தால்தான் தாக்குப்பிடிக்கும் என்கிறார் ஆடிட்டர்.

மச்சான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். டிரிம்மிங்கில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் (2019-இல் சேர்ந்தவர், அவருக்குப் பின் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள்). பிரஸ்ஸில் மூத்தவர் ஒருவர், இன்னும் ஐந்து மாதத்தில் 58 முடிந்து ஓய்வு, கை வேகம் குறைந்துவிட்டது. போனஸ் விஷயமாக லேபர் ஆபீசில் மனு கொடுத்த இரண்டு பேர். மீதி மூன்று பேர் வடமாநிலப் பையன்கள், அவர்கள் கேள்வி கேட்கமாட்டார்களாம். எல்லாரிடமும் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டால் பின்னால் வழக்கு வராது என்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எந்த அளவுகோலை வைத்து மாற்றுவது என்றும் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டிரிம்மிங்கில் கடைசியாகச் சேர்ந்தவர் என் சகலை மகன். தீபாவளிக்கு முன்பு செய்வதா, பின்பா என்பதிலும் குழப்பம். இப்போது ஞாயிறுதோறும் பத்துப் பேர் பிரஸ்ஸில் ஓ.டி. பார்க்கிறார்கள், ஒரு வாடிக்கையாளர் திங்கள் காலை லோடு கேட்பதால். ஆளுக்குச் சராசரியாக மாதம் 16,800 ரூபாய், அதில் பேசிக்கும் டி.ஏ.வும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 15,600.

சம்பளப்பட்டியல்:

யாரை என்பதற்கு முன்னால் எத்தனை பேரை என்று பாருங்கள். அந்த ஏழு சரியான எண் இல்லை.

முதலில் ஞாயிறு ஓ.டி. 16,800-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 646 ரூபாய், மணிக்கு ஏறக்குறைய 81. ஓ.டி. இரட்டைச் சம்பளம் என்பதால் மணிக்கு 161.50. பத்துப் பேர், எட்டு மணி, மாதம் நாலு ஞாயிறு என்றால் 320 மணி நேரம். சுமார் 51,700 ரூபாய். இது மூன்று பேருடைய மாதச் சம்பளம். வாரநாளில் ஆறு பிரஸ் சும்மா நிற்கும்போது ஞாயிறு இரட்டைச் சம்பளம் கொடுத்து ஓட்டுவதற்குக் காரணமே இல்லை. அந்த லோடை வெள்ளி, சனியில் அடித்து வைத்துவிடுங்கள். (ஞாயிறு வேலைக்கு மாற்று விடுமுறை கொடுக்கிறீர்களா என்பது தனிக் கேள்வி. கொடுக்கவில்லை என்றால் அதையும் சரி செய்யுங்கள்.) ஓ.டி. போனால் அந்தப் பத்துப் பேருக்கும் வருமானம் குறையும், வருத்தம் இருக்கும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்: நாலு நாள் வருமானம் குறைவதால் மூன்று பேர் வேலை நிலைக்கிறது என்று.

அடுத்து அந்தக் கர்ப்பிணி. பேறுகால விடுப்பு 26 வாரம். அவர் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார் என்றால் (சம்பளம் 21,000-க்குள் என்பதால் இருந்தே ஆகவேண்டும்) அந்த 26 வாரத்துக்கும் பணம் தருவது இ.எஸ்.ஐ., நீங்கள் இல்லை. பங்களிப்பு 70 நாள் இருந்தால் போதும். பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்பே விடுப்பு எடுக்கலாம். அதாவது இன்னும் ஒரு மாதத்தில் போகலாம். அவர் இடத்தில் ஆள் போடாமல் விட்டாலே அரை வருடத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம். நீங்கள் ஆர்டருக்குக் காத்திருக்கும் காலமும் அதுதான். அவரை அனுப்பி என்ன லாபம்?

மூத்தவர் கணக்கு இன்னும் தெளிவு. சர்வீஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 11 வருடம் 7 மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆனதால் 12 வருடம். ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம்: 8,400 பெருக்கல் 12, ஆக 1,00,800. நோட்டீஸுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 16,800. இந்த இரண்டும் சேர்ந்தே 1,17,600. ஐந்து மாதம் வேலையில் வைத்திருந்தால் ஆகிற சம்பளம் 84,000 மட்டும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) எப்படிப் போனாலும் கொடுக்கவேண்டியதுதான். இத்தனை வருடம் உழைத்தவரை ஓய்வுக்கு ஐந்து மாதம் முன்பு வெளியே தள்ளுவதற்காக நீங்கள் கூடுதலாகப் பணம் கட்டுகிறீர்கள். பிரஸ்ஸில் கை ஓடவில்லை என்றால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். பீஸைக் கையில் எடுத்ததும் குறை தெரிகிற கண் அவருடையது.

ஏழில் மூன்று ஓ.டி.யில் போனது, ஒன்று விடுப்பில், ஒன்று ஓய்வில். மிச்சம் இரண்டு பேர்.

கூடல்நகர்_சட்டம்:

அந்த இரண்டு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதுகிறேன்.

விதி எளிமையானது: ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25ஜி பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. பிரிவு என்றால் மொத்தக் கம்பெனி இல்லை. பிரஸ் ஆபரேட்டர் ஒரு பிரிவு, டிரிம்மிங் ஒரு பிரிவு, மில் ஒரு பிரிவு. பிரஸ்ஸில் ஆள் கூடுதல் என்பதற்காக மில்லில் கடைசியாகச் சேர்ந்தவரை அனுப்ப முடியாது.

மஸ்டர் ரோலை (தொழிலாளர் வருகைப் பதிவேடு) வைத்துச் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் சீனியாரிட்டி பட்டியல் எழுதி, குறைந்தது ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தேதி தவறு என்று யாராவது சொன்னால் அப்போதே திருத்துங்கள். இங்கேதான் பல யூனிட்டில் கோளாறு: மூன்று வருடமாக "டிரெய்னி" என்ற பெயரில் வேலை பார்த்தவரைப் பட்டியலிலேயே சேர்க்கமாட்டார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று தமிழ்நாட்டில் 1981-இலேயே தனிச்சட்டம் இருக்கிறது. அவர்களையும் அவர்கள் முதலில் வேலைக்கு வந்த தேதியில் எழுதவேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. பட்டியல்படி உங்கள் சகலை மகன் போகவேண்டும் என்றால் அவர்தான் போகவேண்டும். அவரை வைத்துக்கொண்டு 2019-இல் வந்த பெண்ணை அனுப்பினால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மீதி 56 பேரும் மறுநாளே முடிவு செய்துவிடுவார்கள், இந்தக் கம்பெனியில் சொந்தக்காரனாக இருந்தால்தான் பிழைக்கலாம் என்று. சூப்பர்வைசர் தன் ஊர்ப் பையனுக்காகப் பேச வந்தால் மறுக்கும் தகுதியும் உங்களிடம் இருக்காது. திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஊருக்கு ஐந்தாறு பேராக வந்து வேலை பார்க்கும் இடங்களில் சூப்பர்வைசர் கொடுக்கும் பட்டியலை அப்படியே வாங்கக்கூடாது. அதில் ஊரும் சாதியும் கலந்திருக்கும். தேதிக்கு அந்தப் பேச்சுக் கிடையாது.

விதிவிலக்குக்கு இடம் உண்டு, ஆனால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும். மில்லில் காம்பவுண்டு (ரப்பர் கலவை) கலக்கத் தெரிந்த ஒரே ஆள் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால் அது காரணம். "நல்ல பையன்" என்பது காரணமில்லை.

மனு கொடுத்த இருவரைப் பட்டியலில் வைத்ததுதான் இதில் மிக ஆபத்தான விஷயம். தொழிற்சங்க வேலைக்காகவோ கோரிக்கை வைத்ததற்காகவோ ஒருவரை நீக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது. மனு நிலுவையில் இருக்கும்போது செய்தால் எந்தச் சமரச அலுவலரும் அதை ஆட்குறைப்பு என்று ஏற்கமாட்டார். போனஸ் பேச்சை அதன் வழியில் தனியாக முடியுங்கள்.

தொழிற்பேட்டை_எச்ஆர்:

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சேர்ந்த தேதியை மட்டும் பார்த்தால், மாதம் பத்து நாள் சொல்லாமல் லீவு போடும் சீனியர் தங்கிவிடுவார், ஒழுங்காக வந்துபோகும் ஜூனியர் வெளியே போவார். அதுவும் அநியாயம்தானே? வருகைப் பதிவு, ரிஜெக்‌ஷன் சதவீதம் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுத் தேர்வு செய்யலாமே?

கூடல்நகர்_சட்டம்:

அநியாயம்தான், ஆனால் அதற்கு மருந்து வேறு. சொல்லாமல் லீவு போடுபவருக்கு அப்போதே எச்சரிக்கைக் கடிதம், திருந்தவில்லை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அவர் பதில், உள்விசாரணை, பிறகு தண்டனை. இதை இத்தனை வருடம் செய்யாமல் விட்டுவிட்டு, ஆர்டர் குறைந்த வாரத்தில் பழைய கோபத்தை எடுத்து ஆட்குறைப்பு என்று பெயர் வைப்பது அவர்மேல் சுமத்தாத குற்றத்துக்குத் தண்டனை. அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இருந்திருக்காது.

ரிஜெக்‌ஷன் மதிப்பெண்ணும் நம்பத்தக்கதில்லை. பழைய மோல்டு, ஹீட்டர் பிளேட்டில் ஒரு மூலை சூடு குறைவு, காம்பவுண்டு நாள்பட்டது என்று எதற்கெல்லாமோ பீஸ் கழியும். எந்த பிரஸ்ஸில் யாரை நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். நல்ல பிரஸ்ஸை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவரும் அதே சூப்பர்வைசர்தான். வருங்காலத்துக்கு அந்த முறை வேண்டுமென்றால் இன்றிலிருந்து எல்லாருக்கும் தெரியும்படி பதிவு தொடங்குங்கள். இந்தத் தடவைக்கு அது உதவாது.

தத்தனேரி_தோழர்:

முதலாளி கேள்வியாக வந்திருந்தாலும் தொழிலாளி பக்கத்திலிருந்து சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

ராஜினாமா எழுதி வாங்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அதோடு முடிவதில்லை. ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்ற வேலையின்மைப் படி இருக்கிறது. தேவையான காலம் பங்களிப்பு இருந்தால் அதிகபட்சம் 24 மாதம் வரை. தானாக விலகியவர் என்று தாளில் இருந்தால் அந்தக் கதவும் அடைபடும். ஒரு கையெழுத்தில் இரண்டையும் பறிக்கிறீர்கள். எழுதிக்கொடுத்தால்தான் செட்டில்மென்ட் செக் என்று நிறுத்திவைத்து வாங்கிய ராஜினாமா வழக்கிலும் நிற்காது. பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியோடு காரணத்தையும் சரியாகப் பதியுங்கள். அவருடைய ஆதார், பேங்க் கணக்கு, பெயரின் எழுத்து எல்லாம் ஒத்துப்போகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொடுங்கள். ஒரு எழுத்து மாறியதற்காக பி.எஃப். ஆபீசுக்கு நடையாக நடக்கிறவர்கள் ஏராளம்.

இ.எஸ்.ஐ. கார்டை வேலை போன அன்றே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு, நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் பங்களிப்பு இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவச் சலுகை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பருக்கு. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய விஷயம்.

வடமாநிலத் தம்பிகள் பற்றி: அவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவர்களை அனுப்புவதற்கான காரணமாக இருக்கவே கூடாது. அவர்கள் செய்யும் வேலை உண்மையிலேயே இல்லை என்றால் அனுப்பலாம். கான்ட்ராக்டரிடம் சொல்லியாயிற்று என்று கை கழுவ முடியாது. அவர் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கி வைத்தால் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்கள் தலையில். கான்ட்ராக்டரின் கடைசிப் பில்லை நிறுத்திவைத்து, ஒவ்வொருவர் பேங்க் கணக்கிலும் சம்பளம் ஏறியதைப் பார்த்த பிறகு கொடுங்கள். ஆதார் அட்டையை யாராவது பிடித்து வைத்திருந்தால் வாங்கிக் கொடுங்கள். மதுரை ஜங்ஷனிலிருந்து ஊர்வரை டிக்கெட் போட்டு, டிக்கெட் தேதி வரை அறையில் தங்க விடுங்கள். வேலை முடிந்த அன்று மாலையே அறைச் சாவியைக் கேட்பது கொடுமை.

இன்னொரு யோசனை. பட்டியலை ஒட்டும் முன் எல்லாரையும் கேன்டீனில் உட்காரவைத்து, எந்த ஆர்டர் போனது, எத்தனை பிரஸ் நிற்கிறது, எவ்வளவு குறையவேண்டும் என்று எண்ணோடு சொல்லுங்கள். தானாகப் போக விரும்புகிறவர் உண்டா என்று கேளுங்கள். ஊரில் நிலம் இருப்பவர், கடை வைக்க நினைப்பவர் ஒருவர் இருந்தால் சட்டப்படி வருவதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அனுப்பலாம். யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டு வரட்டும். யார் பெயரையும் குறித்து "நீங்க போகலாமே" என்று சூப்பர்வைசர் சொல்லக்கூடாது.

கப்பலூர்_மோல்டிங்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு ஓ.டி.யை நிறுத்துகிறேன், மூத்தவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றுகிறேன். சகலையிடம் நானே பேசுகிறேன். பிரஸ்ஸில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு 2 வருடம் 8 மாதம் சர்வீஸ். அவர் எங்களிடம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கி இன்னும் 14,000 பாக்கி. அதைப் பிடிக்கலாமா? ஒருவேளை வேறு சீனியர் ஒருவர் விரும்பிப் போனால் அவர் கிராஜுவிட்டியில் முன்பணத்தைக் கழிக்கலாமா? லே-ஆஃப் (ஆளை நீக்காமல் தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது) கொடுத்துச் சமாளிக்க முடியுமா என்றும் மச்சான் கேட்கிறார்.

சம்பளப்பட்டியல்:

லே-ஆஃப் முடியும். உங்களிடம் 50 பேருக்கு மேல் இருப்பதால் ஒரு வருடம் தொடர் சர்வீஸ் உள்ளவருக்கு பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையில் பாதி கொடுக்கவேண்டும். உங்கள் கணக்கில் நாளுக்கு 300 ரூபாய். 12 மாதத்தில் 45 நாள் வரை இந்தக் கடமை. ஆர்டர் இரண்டு மாதத்தில் உறுதியாக வரும் என்றால் இது நல்ல வழி, எல்லாரும் சுழற்சியில் பகிர்ந்துகொள்ளலாம். உறுதியில்லை என்றால் பாதிச் சம்பளத்தில் ஒருவரைக் கட்டிப்போடுகிறீர்கள். அவர் வேறு வேலையும் தேட முடியாமல் வட்டிக்கு வாங்கத் தொடங்குவார். உங்கள் நிலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிரஸ் ஜூனியர்: 2 வருடம் 8 மாதம் என்பது 3 வருடம். இழப்பீடு 25,200. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அதற்குப் பதிலான சம்பளம் 16,800. புதிய தொகுப்புப்படி மறுதிறன் பயிற்சி நிதிக்கு 15 நாள் சம்பளம் 8,400. ஆக 50,400. இதோடு வேலை பார்த்த நாள் சம்பளம், மிச்ச விடுப்புக்கான சம்பளம், இந்த வருடத்தில் வேலை பார்த்த நாளுக்கான போனஸ். தீபாவளிக்கு முன் அனுப்பினால் போனஸ் மிச்சம் என்று யாராவது சொன்னால் தவறு. 30 நாள் வேலை பார்த்திருந்தாலே அந்த வருடத்துக்குப் போனஸ் உரிமை உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். என் கருத்து: தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துச் செய்யுங்கள், ஆனால் நோட்டீஸை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். தெரியாமல் கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடிவிட்டு மறுவாரம் வேலை இல்லை என்று கேள்விப்படுவது மோசம்.

முன்பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாம், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மீதியை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவணையாக வாங்குங்கள். இழப்பீட்டில் கை வைக்காதீர்கள். அது முழுதாகக் கொடுத்தால்தான் ஆட்குறைப்பே செல்லும். கிராஜுவிட்டியில் முன்பணத்தைக் கழிக்க முடியாது, அது சட்டப் பாதுகாப்பு உள்ள பணம். ஐந்து வருடம் முடித்த சீனியருக்கு பேசிக்கும் டி.ஏ.வும் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வருடத்தால் பெருக்குங்கள். 15,600-க்கு வருடத்துக்கு 9,000 வரும். அதை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். கவனம்: ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 26-ஆல் வகுப்பதில்லை, மாதச் சம்பளத்தில் நேர்பாதி. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

கூடல்நகர்_சட்டம்:

பணம் எப்போது என்பதைச் சேர்க்கிறேன். இழப்பீடு என்பது பின்னால் கொடுக்கும் பாக்கி இல்லை, முன்நிபந்தனை. உச்ச நீதிமன்றம் 1960-இலேயே சொல்லிவிட்டது. வேலை முடியும் அன்றைக்கே கணக்கில் ஏறியிருக்கவேண்டும். சம்பளப் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள். அரசுக்குக் கொடுக்கும் நோட்டீஸ் நகலை லேபர் ஆபீசில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் தமிழில் இருக்கட்டும். காரணம் ஆர்டர் குறைவு, தேர்வுமுறை சீனியாரிட்டி, தொகைகள் தனித்தனி வரியில். "உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்; அடுத்த கம்பெனியில் காட்ட அவருக்கு அது வேண்டும். சர்வீஸ் சான்றிதழை அன்றே கொடுங்கள். நீங்களே தனி அறையில், காலையில் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை சூப்பர்வைசர் வாயால் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம்.

ஆர்டர் திரும்பி வந்தால் அதே பிரிவுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முன் இந்த இருவருக்கும் பதிவுத் தபாலில் அழைப்பு அனுப்பவேண்டும். புதிய தொகுப்பில் ஒரு வருடம் வரை இந்த முன்னுரிமை உண்டு. ஒரு வருடத்தைத் தாண்டியும் கூப்பிட்டால் தடுப்பவர் யாரும் இல்லை. இருவருடைய நிரந்தர முகவரியும் வீட்டில் இன்னொருவர் போன் எண்ணும் வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேலை போனவர்கள் முதலில் மாற்றுவது போன் நம்பரைத்தான்.